வேன் மாமாவின் முந்நூறு ஜாமூன்கள்

பத்தொன்பது வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் எல்லோருக்கும் வேன் மாமாதான். ஏறுகிற பிள்ளைகளுக்கும் மாமா, ஏற்றிவிட வருகிற அப்பாக்களுக்கும் மாமா. சொந்த மனைவியே ஒருமுறை போனில், "வேன் மாமா வீட்ல இல்லைங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

காலை எட்டரைக்குள் பதினான்கு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டால், மறுபடி மூன்று மணிக்குத்தான் வேலை. நடுவில் இருக்கிற நேரத்தில் மற்ற டிரைவர்கள் மரத்தடியில் சீட்டாடுவார்கள், அல்லது சீட்டைச் சாய்த்துவிட்டுக் குறட்டை விடுவார்கள். இவர் வீட்டுக்குப் போய், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அடுப்பில் பாலை வைப்பார். அடிகனமான அகன்ற வாணலி, தட்டையான மரக்கரண்டி, பக்கத்தில் ஒரு முக்காலி. பால் சுண்டிச் சுண்டிக் கோவாவாகும்வரை அந்த முக்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். அப்போது வாசலில் யார் மணியடித்தாலும், "திறந்துதான் இருக்கு, வாங்க" என்று உள்ளேயிருந்தே குரல் வரும்.

இந்தப் பைத்தியம் பிடித்தது வேன் படுத்த புண்ணியத்தால். கியர்பாக்ஸ் போய், பதினோரு நாள் வண்டி பட்டறையில் கிடந்தது. ஓட்டிப் பழகிய கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. வீட்டில் மிஞ்சியிருந்த பாலைக் காய்ச்சி, உருட்டி, பொரித்து, பாகில் போட்டு, முதல் ஜாமூனைச் செய்தார். செய்தவர் பேசாமல் இருந்திருக்கலாம். ஒரு டப்பாவில் போட்டு மச்சான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர்தான், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் நல்லவர் என்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் காலம் பிடிக்கும், அதற்குள் அவர் வாய் நம்மைத் தோலுரித்துவிடும். அன்றைக்கு ஒரு ஜாமூனை எடுத்துக் கடித்தார். பல் இறங்கவில்லை. மேஜையில் வைத்து உருட்டிவிட்டார். அது கடகடவென்று ஓடிப்போய்ச் சுவரில் முட்டி நின்றது.

"இதை வச்சுக் கோலி ஆடலாம் மாப்ள," என்றார்.

வேன் மாமாவின் முகம் சுண்டிப்போய்விட்டது. அப்போதுதான் மச்சானின் மகள், ஏழு வயசு, மெதுவாக வந்து இன்னொரு ஜாமூனை எடுத்தாள். கடைவாய்க்குக் கொண்டுபோய் இரண்டு கையாலும் தாடையை அழுத்தி, பரீட்சை எழுதுகிற முகத்தோடு முழுசாக மென்று விழுங்கினாள். பிறகு சொன்னாள்.

"மாமா, என் கல்யாணத்துக்கு நீங்கதான் ஜாமூன் செய்யணும். அதுக்குள்ள கத்துக்குவீங்க."

பெரியவர்கள் சிரித்தார்கள். வேன் மாமா சிரிக்கவில்லை. அவருக்குப் பிள்ளை இல்லை. ஏழு வயசுப் பெண் ஒருத்தி தன்னை நம்பிப் பதினைந்து இருபது வருஷம் தவணை கொடுத்திருக்கிறாள் என்பது அவருக்கு விளையாட்டாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். கோவா அதிகம் சுண்டினால் கல், சுண்டாவிட்டால் எண்ணெயில் கரைந்து ஓடும். மாவு ஒரு கை கூடினால் ரப்பர். உருண்டையில் முடி அளவு விரிசல் இருந்தாலும் வெடித்துவிடும். எண்ணெய் ரொம்பச் சூடாக இருந்தால் மேலே கறுத்து உள்ளே பச்சையாகவே நிற்கும். உருண்டை முதலில் அடியில் போய் உட்கார வேண்டும், பிறகு யோசித்து யோசித்து மேலே வர வேண்டும், அதுதான் கணக்கு. இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கெடுத்துக் கெடுத்துத்தான் தெரிந்துகொண்டார். கெட்டதையெல்லாம் தின்று தின்று ஒரு தொப்பையும் வந்து சேர்ந்தது.

எல்லாவற்றையும்விட அவர் நம்பியது தன் மூக்கை. பால் சுண்டும்போது கடைசியில் ஒரு கணம் வரும். பால்வாசனை போய், வறுத்த பருப்பு மாதிரி ஒரு வாசனை எழும்பும். அது எழும்பிய உடனே வாணலியை இறக்க வேண்டும். முந்தினால் ருசி இல்லை, பிந்தினால் அடிப்பிடித்துவிடும். அந்தக் கணத்தைக் கடிகாரம் சொல்லாது, மூக்குதான் சொல்லும் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார்.

பதினெட்டு வருஷம் போயிற்று. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மச்சான் பெரிய கடை ஒன்றில் இனிப்புக்குச் சொல்லிவிடலாம் என்றார். பெண் கேட்கவில்லை. "ஜாமூன் மாமாதான் செய்யறார். அது ஏழு வயசுலயே பேசி முடிச்சாச்சு," என்றாள். நூற்றைம்பது பேர், ஆளுக்கு இரண்டு, முந்நூறு ஜாமூன். மச்சான் வேண்டாவெறுப்பாகச் சரி என்றார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பத்து நாள் முன்னால் மாதிரி செய்து காட்ட வேண்டும், தனக்குப் பிடிக்காவிட்டால் கடைதான்.

வேன் மாமாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. அந்தக் குளிர்ச்சிதானோ என்னவோ, அடுத்த வாரமே காய்ச்சலில் விழுந்தார். ஐந்து நாளில் எழுந்துவிட்டார். ஆனால் ஏதோ ஒன்று எழுந்திருக்கவில்லை. காலையில் காபி வெறும் சுடுதண்ணீர் மாதிரி இருந்தது. மனைவியைக் குறைசொல்ல வாயைத் திறந்தவர், சோப்பை எடுத்து முகர்ந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. வெங்காயத்தை நறுக்கி மூக்கோடு ஒட்டிவைத்தார். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர வாசனை வரவில்லை. டீசல் டாங்க் மூடியைத் திறந்து, பட்டறைக்காரன் ஒரு மாதிரியாகப் பார்க்கிற அளவுக்குக் குனிந்து நின்றார். அதுவும் இல்லை. நாக்கில் இனிப்பு தெரிந்தது, உப்பு தெரிந்தது. மற்றபடி உலகமே வேகவைத்த காகிதமாகிவிட்டது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. இந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனாலும் இந்த இடத்தில் இரண்டு திட்டுத் திட்டத்தான் தோன்றுகிறது. மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவர், வீட்டுக்குள்ளேயே வைத்தியத்துக்கு வழி இருக்கிறது. ஆனால் மனைவியிடம் சொன்னால் அண்ணன் காதுக்குப் போகும், அண்ணன் காதுக்குப் போனால் கடையில் சொல்லிவிடுவார், கடையில் சொல்லிவிட்டால் பதினெட்டு வருஷம் வீண். இப்படிக் கணக்குப் போட்டு, வேன் மாமா விஷயத்தை மென்று விழுங்கிவிட்டார். நாளைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று தினமும் காலையில் சோப்பை முகர்ந்தார்.

மாதிரி காட்டும் நாள் வந்துவிட்டது, மூக்கு வரவில்லை.

அன்றைக்குக் கோவாவைக் கண்ணால் பார்த்தே இறக்கினார். நிறம் சரியாக இருந்தது. பிசைந்தார், உருட்டினார், பொரித்தார். ஐம்பது உருண்டையில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. பாகு கொதித்தது. ஏலக்காய்ப் பொடிக்காக அலமாரியைத் திறந்தார்.

இங்கேதான் இந்த வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மனைவிக்கு எதையும் பரிசோதனைக்கூடத்து முறைப்படி வைத்தால்தான் மனசு ஆறும். அலமாரியில் வெள்ளை மூடி போட்ட ஒரே மாதிரிக் குப்பிகள் பதினாறு. ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி, எண்ணும் தேதியும் எழுதியிருப்பார். பெயர் இருக்காது. எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்கிற பட்டியல் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். வேன் மாமா அந்தப் பட்டியலை ஒருநாளும் படித்ததில்லை. மூடியைத் திறப்பார், முகர்வார், எடுப்பார். அன்றும் கைப்பழக்கத்தில் ஒரு குப்பியைத் திறந்து, பழக்கத்தில் முகர்ந்தும் பார்த்துவிட்டு, வெளிறிய பொடி ஒன்றரைக் கரண்டி எடுத்துப் பாகில் போட்டுக் கலக்கினார்.

அது பெருங்காயம்.

பாத்திரத்தை இறுக்க மூடி வேனின் முன்சீட்டில் வைத்துக்கொண்டு பிள்ளைகளை ஏற்றப் போனார். அன்றைக்கு வேனில் ஒரே கூச்சல். பாதிப் பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள், மீதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்கள்.

"எவன் டிபன் பாக்ஸைத் திறந்தது?" என்று வேன் மாமா கண்ணாடியில் பார்த்து அதட்டினார். "மூடுங்கடா முதல்ல."

மாலையில் மச்சான் வீட்டில் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மனைவியும் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அங்கே வந்துவிட்டார். வேன் மாமா பாத்திரத்தை நடுவில் வைத்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று, மூடியைத் திறந்தார்.

மச்சானின் மூக்கு லேசுப்பட்டதல்ல. துணிக் கட்டைப் பிரிக்காமலே எது ஈரம் பட்டது என்று முகர்ந்து சொல்லிவிடுவார். பிறத்தியார் விஷயத்தில் மூக்கை நுழைப்பதிலும் அதே திறமைதான். மூடி திறந்த உடனே அவர் நாற்காலியோடு பின்னால் போனார்.

"என்ன மாப்ள இது? ரசத்துல போடற சாமானையெல்லாம் இதுல போட்டிருக்கீங்க?"

"என்ன மச்சான்?"

"பெருங்காயம் மாப்ள. தெருமுனை வரைக்கும் அடிக்குது. கோலி ஆடினதுக்கு இத்தனை வருஷம் கழிச்சுப் பழிவாங்கறீங்களா?"

வேன் மாமா பாத்திரத்துக்குள் பார்த்தார். பளபளவென்று, உருண்டையாக, அழகாக மிதந்தன. மனைவியைப் பார்த்தார். மனைவி வாயைக் கையால் மூடிக்கொண்டிருந்தார், ஆனால் கண் சிரிக்கவில்லை. எதையோ புரிந்துகொண்ட கண்ணாக இருந்தது அது.

"சரி விடுங்க. கடையிலேயே சொல்லிடறேன்," என்று மச்சான் போனை எடுத்தார்.

"இருங்கப்பா," என்றாள் மகள்.

கிண்ணத்தில் ஒன்றை எடுத்து வைத்து, கரண்டியால் பாதியாக வெட்டி, வாயில் போட்டாள். அதே பரீட்சை முகம். முழுசாக மென்று விழுங்கினாள். மீதிப் பாதியையும் தின்றாள். தண்ணீர் குடித்தாள்.

"பதம் நல்லா இருக்கு. வாசனைதான் தப்பு." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள், "மாமா, உங்களுக்கு வாசனை தெரியலையா?"

இல்லை என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். அந்தப் பெண் தின்று தீர்த்த வெறும் கிண்ணத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"மூணு வாரமாச்சும்மா," என்றார். "ஒண்ணுமே தெரியலை."

மச்சானின் போன் கையிலேயே நின்றது. மனைவிதான் முதலில் பேசினார். கோபமாகத்தான் பேசினார்.

"ஊர்ல இருக்கிறவங்க ரத்தத்துல என்ன குறைன்னு நாள் முழுக்க உட்கார்ந்து நான் பார்த்துச் சொல்றேன். வீட்ல இருக்கிற மனுஷன் என்கிட்ட மறைக்கிறார். கேஸ் கசிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"கல்யாணம் முடியட்டும்னு..."

"கல்யாணத்துக்கு நீங்க இருக்க வேணாமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மனைவியின் குரல் உடைந்ததைக் கேட்டபிறகு நிமிர முடியவில்லை.

மறுநாள் டாக்டர் பார்த்தார். நரம்பு சோர்ந்திருக்கிறது, சில மாசத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், பொறுத்திருங்கள் என்றார். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. கடைக்குச் சொல்வதுதான் புத்திசாலித்தனம் என்று வேன் மாமாவே சொல்லிவிட்டார். "மூக்கில்லாம ஜாமூன் செய்யறது பிரேக் இல்லாம வண்டி ஓட்டற மாதிரி. நான் பண்ண மாட்டேன்," என்றார். சொல்லிவிட்டு வேனைக் கழுவப் போனார். நேற்றுத்தான் கழுவியிருந்தார்.

மச்சான் மகள் விடவில்லை. அப்பாவிடம் போய் நின்றாள்.

"அப்பா, உங்க மூக்கை ரெண்டு நாள் மாமாவுக்கு இரவல் குடுங்க."

"எனக்கு வேற வேலை இல்லையா? கல்யாண வீட்டுக்காரன்டி நான்."

"எல்லார் வீட்டுலயும் போய் மோந்து பார்க்கறீங்க. மாமா வீட்டுல போய்ப் பாருங்க."

மச்சான் கத்தினார், இரண்டு தடவை இனிப்புக் கடை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார், கடைசியில் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், காலை ஒன்பது மணிக்கு, வேன் மாமா வீட்டுச் சமையலறையில் வந்து நின்றார். "எனக்கு நம்பிக்கை இல்லை மாப்ள. மேற்பார்வைக்குத்தான் வந்திருக்கேன்," என்று சொல்லிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குப்பிகள் பதினாறிலும் எண்ணுக்கு மேலே பெரிய எழுத்தில் பெயர் ஏறியிருந்தது. ஏலக்காய்க் குப்பி மட்டும் தனியாக, ஜன்னல் திட்டில் நின்றது.

பதினைந்து லிட்டர் பால், ஐந்து ஐந்தாக மூன்று ஈடு. முதல் ஈட்டில் வேன் மாமா கிளறிக்கொண்டே அரை நிமிஷத்துக்கு ஒருமுறை, "இப்ப?" என்பார். மச்சான் குனிந்து, கண்ணை மூடி, "பால்" என்பார். "இப்ப?" "பால்தான் மாப்ள." "இப்ப?" "அடிக்கடி கேட்டா மூக்கு மரத்துப் போகுது, சும்மா கிளறுங்க." ஒருவழியாக மச்சானின் புருவம் ஏறியது. "வந்துடுச்சு. ஏதோ வறுக்கிற மாதிரி. இறக்குங்க." இறக்கினார்கள். மச்சான் ஒரு விரல் எடுத்து நக்கிப் பார்த்தார். இரண்டாவது விரலும் எடுத்தார்.

இருபத்தைந்து வருஷ உறவில் அவர்கள் இரண்டு பேரும் ஒரு அறையில் இவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை. இரண்டாவது ஈட்டில் மச்சான், துணிக்கடையில் முதல் வருஷம் மழையில் நனைந்த சரக்கைத் தெரியாமல் வாங்கி ஏமாந்த கதையைச் சொன்னார். அதற்குப் பிறகுதான் முகர ஆரம்பித்தாராம். "அப்ப யாருக்கும் சொல்லலை. என் தங்கச்சிக்குக்கூடச் சொல்லலை," என்றார். வேன் மாமா கிளறிக்கொண்டே கேட்டார். இந்த மனிதரும் விஷயத்தை விழுங்கிய ஆள்தானா என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாவது ஈடு பாதிக்கு மேல் சுண்டியபோது மச்சானுக்குப் போன் வந்தது. மண்டபத்துக்காரர். பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார், வாசலிலிருந்து தெருவுக்குப் போனார்.

வேன் மாமா தனியாக நின்றார். கூப்பிடலாமா என்று பார்த்தார், மச்சான் தெருக்கோடியில் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கைமட்டும் நிற்காமல் கிளறியது. அப்போதுதான் அவருக்குக் கேட்டது. குபுக் குபுக்கென்று வெடித்துக்கொண்டிருந்த கோவா இப்போது பொத் பொத்தென்று அடங்கிப் பேசியது. கரண்டிக்கு அடியில், ஒரு மூலையில் மட்டும், சொரசொரவென்று மெல்லிய உரசல். இந்தச் சத்தம் புதிதில்லை. இத்தனை வருஷமும் அந்த வாசனையோடு சேர்ந்தே வந்திருக்கிறது, மூக்கின் பெருமையில் காதை அவர் கேட்டதில்லை.

சட்டென்று தீயை அணைத்தார். அடியைச் சுரண்டாமல் மேலாக எடுத்து வேறு பாத்திரத்துக்கு மாற்றினார்.

மச்சான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓடி வந்தார். "மாப்ள, பிடிக்கப் போகுது, பிடிக்கப் போகுது."

"மாத்திட்டேன் மச்சான்."

மச்சான் புதுப் பாத்திரத்தில் குனிந்தார். நேரம் எடுத்துக்கொண்டு முகர்ந்தார். "சரியா இருக்கே. எப்படித் தெரிஞ்சுது?"

"வேன்ல கடைசி சீட்டுல எது அழுது, எது அழற மாதிரி நடிக்குதுன்னு திரும்பாமலே தெரியும் மச்சான். அப்படித்தான் கேட்டுச்சு."

மச்சான் மறுபடி முக்காலியில் உட்கார்ந்தார். "அப்ப நான் எதுக்கு வந்தேன்?" என்றார். ஆனால் எழுந்து போகவில்லை. மறுநாள் உருட்டுவதற்கும் வந்தார். துணி மடிக்கிற கை, உருண்டையில் ஒரு விரிசல் விடவில்லை. ஏலக்காயை அவரே முகர்ந்து, இரண்டு தடவை முகர்ந்து, பாகில் போட்டார்.

கல்யாணச் சாப்பாட்டில் வேன் மாமா சாப்பிடவில்லை. பரிமாறும் மேஜைக்குப் பக்கத்தில் தூணோடு ஒட்டி நின்றார். ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துத்தான் இருந்தார். மெத்தென்று இருந்தது, இனிப்பாக இருந்தது, அதற்குமேல் அவர் நாக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே சாப்பிடுகிறவர்கள் முகத்தைப் பார்த்தார். நூற்றைம்பது முகமும் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் கல்யாண வீட்டில் யார் முகம்தான் சுளிக்கும்? ஒருவர் இன்னொன்று கேட்டார். அது மரியாதைக்காக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார்.

மணப்பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் கிண்ணம் போயிற்று. பட்டும் பூவுமாக இருந்தவள் கரண்டியை எடுத்தாள். பாதியாக வெட்டினாள். பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய அந்த முகம் அப்படியே வந்து அவள் மேல் உட்கார்ந்தது. அவசரமில்லாமல் மென்றாள். விழுங்கினாள். பிறகு தலையைத் தூக்கி, கூட்டத்தில் தேடி, தூணுக்குப் பக்கத்தில் அவரைக் கண்டுபிடித்தாள்.

"மாமா," என்றாள், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "கத்துக்கிட்டீங்க."

வேன் மாமா தூணை விட்டு ஓரடி முன்னால் வந்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவருக்கு இந்த உலகத்தில் வேறு எந்த வாசனையும் அந்த நிமிஷம் வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் மச்சான் தன் கிண்ணத்தில் நாலாவது ஜாமூனை வைத்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு பேரும்னு சொல்லும்மா," என்று மகளிடம் கத்திவிட்டு, கிண்ணத்தை வேன் மாமாவின் கையில் திணித்தார். "நின்னது போதும் மாப்ள, உட்காருங்க. நான் பரிமாறறேன். நீங்க சாப்பிடுங்க, எப்படி இருக்குன்னு நான் சொல்றேன்."